கொடைக்கானல் வழியில் ஒரு பிரௌனிங்

பழனி மலைத் தொடரில் துப்பாக்கி என்றாலே நீண்ட குழல் துப்பாக்கிதான். மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு பங்களாக்களைக் கட்டினார்கள். அவர்களுக்குப் பின்னால் மலையேறி வந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வேட்டை ஒரு முக்கியமான பொழுதுபோக்கு. இரட்டைக்குழல் துப்பாக்கியும் ரைஃபிளும் கூடவே வந்தன. சோலைக்குள் காட்டுமாடு, புல்வெளியில் கடமான், பாறை விளிம்பில் வரையாடு என்று இலக்குக்குப் பஞ்சமில்லை. 1864இல் இந்த மலைகளைப் பற்றிப் படங்களோடு அறிக்கை தந்த டக்ளஸ் ஹாமில்டனே பெரிய வேட்டைக்காரர்தான். மலைக் கிராமத்துக் குடியானவனிடம் இருந்ததோ வாய்வழியாக மருந்தும் ரவையும் போட்டுக் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. வெள்ளாமையை அழிக்க வரும் காட்டுப்பன்றியை விரட்ட அது போதும். இருபது முப்பது அடிக்கு மேல் நம்பிச் சுட முடியாத கைத்துப்பாக்கிக்கு இரண்டு தரப்பிடமும் வேலை இல்லை.

இருந்தும் கொடைக்கானலின் வரலாற்றில் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. அது மலைக்கு வரவே இல்லை. மலைக்கு வந்துகொண்டிருந்தவரை வழியில் நிறுத்தியது. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷைக் கொன்ற பிரௌனிங் பிஸ்டல் அது. ஒரு தோட்டா வெடித்ததும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் புது வகை ஆயுதம். பிரௌனிங் சந்தைக்கு வந்து அப்போது சுமார் பன்னிரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது.

ஆயுதம் யார் கையில் இருக்கலாம் என்ற கேள்வி இந்த மலையடிவாரத்துக்குப் பழையது. பழனி மலையின் வடக்குச் சரிவுக்குக் கீழே உள்ள விருப்பாட்சியின் பாளையக்காரர் கோபால நாயக்கரை ஆங்கிலேயர்கள் 1801இல் தூக்கிலிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்தமிழ்நாட்டுப் பாளையங்களின் கோட்டைகளோடு ஆயுதங்களையும் சேர்த்துப் பறித்தது. முக்கால் நூற்றாண்டு கழித்து, லிட்டன் வைஸ்ராயாக இருந்தபோது வந்த 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ இந்தியருக்கும் விலக்கு உண்டு. மாவட்டத்தில் லைசென்ஸ் தருபவர் மாஜிஸ்டிரேட் பொறுப்பையும் வகித்த கலெக்டர். அந்தக் கணக்கில், திருநெல்வேலிச் சீமையில் யார் பிஸ்டல் வைத்துக்கொள்ளலாம் என்று 1911இல் தீர்மானிக்கும் அதிகாரம் ஆஷிடமே இருந்தது.

கோடை வந்தால் மலை ஏறுவது அன்றைய அதிகாரிகளின் வழக்கம். அரசாங்கம் ஊட்டிக்குப் போனது. மதுரை, திருநெல்வேலி அதிகாரிகளுக்கும் மிஷனரிகளுக்கும் கொடைக்கானல் கைக்கெட்டும் தூரம். மதுரை கலெக்டராக இருந்த வேர் ஹென்றி லெவிஞ்ச் 1863இல் ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார். 1887இல் இங்கிலீஷ் கிளப், 1890இல் படகுக் குழாம், 1895இல் கோல்ஃப் மைதானம் என்று வரிசையாக வந்தன. குழந்தைகளையும் ஆயாக்களையும் முன்கூட்டி அனுப்பி வைத்துவிட்டு, சம்பாதிக்கிற மனிதர் விடுமுறை கிடைத்ததும் போய்ச் சேர்ந்துகொள்வார். ஆஷ் வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகள் கொடைக்கானலில் இருந்தார்கள். அவரும் மனைவி மேரியும் அவர்களைப் பார்க்கக் கிளம்பினார்கள்.

அந்தப் பயணம் இன்றைய பயணம் போல் அல்ல. திருநெல்வேலியிலிருந்து கிளை வண்டியில் மணியாச்சி வரை வர வேண்டும். அங்கே தூத்துக்குடியிலிருந்து சென்னைக்குப் போகும் போட் மெயில் வரும். தனுஷ்கோடி வழி 1914இல் திறக்கும்வரை இலங்கைக் கப்பலின் பயணிகள் தூத்துக்குடி வழியாகவே வந்து போனார்கள்; அதனால் மணியாச்சி பெரிய சந்திப்பு. போட் மெயிலில் ஏறி மதுரையைத் தாண்டி அம்மையநாயக்கனூரில், அதாவது கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறங்கி, மாட்டு வண்டியில் வத்தலக்குண்டு, பெரியகுளம் வழியாகச் சுமார் 50 கிலோமீட்டர் போனால் மலையடிவாரத்தில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அங்கிருந்து பன்னிரண்டு மைல் ஒற்றையடிப் பாதை. குதிரையேறத் தெரிந்தவர்கள் மட்டக் குதிரையில் போனார்கள்; பெண்களையும் முதியவர்களையும் நாற்காலியில் வைத்துக் கூலியாட்கள் தூக்கினார்கள். மேஜர் லா போட்ட வண்டிப்பாதை வேலை முடிந்து மோட்டார் மலையேறியது 1914 வாக்கில்தான்.

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் திருநெல்வேலியில் புறப்பட்ட ஆஷ் தம்பதியின் வண்டி 10.38க்கு மணியாச்சி சேர்ந்தது. போட் மெயில் வரப் பத்து நிமிடம் இருந்தது. முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சிநாதன் உள்ளே வந்து மிக அருகிலிருந்து ஆஷின் மார்பில் சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடிக் கழிவறைக்குள் புகுந்து அதே பிஸ்டலால் தன் வாயில் சுட்டுக்கொண்டார். கூட வந்த சங்கரகிருஷ்ணன் தப்பி ஓடினார். ஆஷைத் திருநெல்வேலிக்குத் திருப்பிக் கொண்டுபோகும் வழியில் உயிர் பிரிந்தது. வாஞ்சியின் சட்டைப் பையில் ஒரு தமிழ்க் கடிதம் இருந்தது. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் உடல் அருகே கிடந்தது.

அந்தப் பெயருக்குரிய ஜான் மோசஸ் பிரௌனிங், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் துப்பாக்கி செய்பவரின் மகன். அவருடைய வடிவமைப்புகளை முதலில் வாங்கி விற்றவை வின்செஸ்டர், கோல்ட் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள். 1897இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகருக்குப் பக்கத்தில் ஹெர்ஸ்டாலில் இயங்கிய எஃப்.என். ஆலையின் ஆள் ஒருவர் அமெரிக்கா போய் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு திரும்பினார். அந்த ஆலை 1889இல் தொடங்கப்பட்டதே மௌசர் ரைஃபிள்களைச் செய்து தருவதற்காக. போட்டியாளரின் சரக்குக்காகக் கட்டிய கொட்டகையில் பிரௌனிங்கின் சரக்கு உருவானது ஒரு வேடிக்கை. ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவில் அவருடைய பிஸ்டல்களைக் கோல்ட் விற்றது, ஐரோப்பாவில் எஃப்.என். விற்றது. ஆகவே அந்தக் காலத்தில் கோல்ட்டா, பிரௌனிங்கா என்று இரண்டு பிராண்டுகளைத் தராசில் வைத்தவர்கள் பெரும்பாலும் ஒரே மூளையில் பிறந்த இரண்டு சரக்குகளைத்தான் எடைபோட்டார்கள். கோல்ட்டின் 1903ஆம் ஆண்டு பாக்கெட் பிஸ்டலும் எஃப்.என். ஆலையின் 1903 மாடலும் தோட்டாவின் அளவில் வேறுபட்ட உடன்பிறப்புகள்.

எஃப்.என். ஆலையின் புகழைத் தொடங்கி வைத்தது 1900 மாடல். 17 சென்டிமீட்டர் நீளம், 600 கிராமுக்குச் சற்று மேல் எடை, கைப்பிடிக்குள் செருகும் மேகசினில் ஏழு தோட்டா. குழலுக்கு மேலே ஒரு சுருள்வில். சுட்டதும் பின்னுதைப்பு மேல்பாகத்தைப் பின்னுக்குத் தள்ளும். காலிக் கூடு தெறித்து விழும். சுருள்வில் மேல்பாகத்தை முன்னே இழுக்கையில் அடுத்த தோட்டா குழலுக்குள் ஏறிவிடும். அதே சுருள்வில்தான் ஊசியை முன்னே அடித்துத் தோட்டாவை வெடிக்கவும் செய்கிறது. ஒரு வில்லுக்கு இரண்டு வேலை கொடுத்ததில்தான் பிரௌனிங்கின் கைவண்ணம் தெரிகிறது. பாகங்கள் குறைந்தன, விலையும் குறைந்தது, பிஸ்டல் தட்டையாகச் சட்டைக்குள் அடங்கியது. வெள்ளைக்கார அதிகாரியின் இடுப்பில் தொங்கிய வெப்லி ரிவால்வரோ ஆறு அறை கொண்ட உருளையோடு புடைத்துக்கொண்டு நிற்கும். தோட்டா ஒன்று வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும் என்ற நம்பகம் அதற்கு உண்டு; .455 தோட்டாவின் அடியும் பலம். பிரௌனிங்கின் 7.65 மில்லிமீட்டர் தோட்டா அதன் முன்னால் சிறுசு. ஆனால் பொது இடத்தில் மறைத்து எடுத்துச் சென்று கைக்கெட்டும் தூரத்தில் சுட நினைப்பவனுக்கு அடியின் பலத்தைவிடத் தட்டையான உடல்தான் முக்கியம். 1904இல் ஹெல்சிங்கியில் ரஷ்ய கவர்னர் ஜெனரல் போப்ரிகோவும், 1909இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் இத்தோ ஹிரோபூமியும் இந்த மாடலால் சுடப்பட்டார்கள்.

இந்தியர் கைக்கு எந்தப் பிராண்ட் வந்தது என்பதைப் பெரும்பாலும் தீர்மானித்தது ஊர்தான். 1909 ஜூலை 1 அன்று லண்டனில் பிரிட்டிஷ் அதிகாரி கர்சன் வைலியைச் சுட்ட மதன்லால் திங்ராவின் கையில் இருந்தது கோல்ட். ஹோல்பர்ன் பகுதியின் கேமேஜ் கடையில் அந்த ஆண்டு ஜனவரியில் முறையாக வாங்கியது. 1903ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பிஸ்டல் சட்டப்படி தபால் ஆபீஸில் பத்து ஷில்லிங் கட்டி எடுக்கும் லைசென்ஸே அதற்குப் போதும். டாட்டன்ஹாம் கோர்ட் ரோட்டில் காசு கொடுத்துச் சுட்டுப் பழகும் இடமும் இருந்தது. கொலை நடந்த அன்று மாலையும் திங்ரா அங்கே போய்ப் பழகினார். ஓர் இந்தியருக்குத் திருநெல்வேலியில் கிடைக்காத சலுகை சாம்ராஜ்யத்தின் தலைநகரில் கிடைத்தது. சட்டம் போட்டவர்களுக்கு இந்த முரண் உறுத்தியதாகத் தெரியவில்லை.

லண்டனில் கோல்ட் என்றால் பாரிஸில் பிரௌனிங். லண்டனில் இந்தியப் புரட்சியாளர்கள் கூடிய இந்தியா ஹவுஸில் சமையல்காரராக இருந்த சதுர்புஜ் அமீன் 1909இல் பம்பாய் திரும்பியபோது அவருடைய பெட்டியின் போலி அடித்தட்டுக்குக் கீழே இருபது பிரௌனிங் பிஸ்டல்கள் வந்தன. சாவர்க்கர் பாரிஸிலிருந்து வரவழைத்து அனுப்பியவை என்று 1918இல் வெளியான ரௌலட் குழு அறிக்கை பதிவு செய்திருக்கிறது. 1909 டிசம்பர் 21 அன்று நாசிக்கில் ஒரு நாடகக் கொட்டகையில் கலெக்டர் ஜாக்சனை அனந்த் கன்ஹேரே சுட்டதும் பிரௌனிங்கால்தான். இந்தியா ஹவுஸ் வட்டத்தில் இருந்த வ.வே.சு. ஐயர் பிரிட்டிஷ் போலீஸின் கண்ணில் மண்ணைத் தூவி 1910 இறுதியில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அது பிரெஞ்சு மண். இந்திய ஆயுதச் சட்டம் எல்லைக் கோட்டோடு நின்றுவிடும். திருவிதாங்கூர் வனத்துறையில் புனலூரில் வேலை பார்த்த வாஞ்சி 1911 தொடக்கத்தில் விடுப்பு எடுத்துப் புதுச்சேரிக்குப் போய் ஐயரிடம் சுடக் கற்றுக்கொண்டார். மணியாச்சியின் பிரௌனிங்கும் பாரிஸிலிருந்து புதுச்சேரி வழியாக வந்தது என்பதே பரவலான நம்பிக்கை.

துப்பு துலக்கிய போலீஸ் 14 பேர் மேல் திருநெல்வேலி சதி வழக்குத் தொடுத்தது. சென்னை உயர் நீதிமன்றம் 1912 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டு, சங்கரகிருஷ்ணனுக்கு நான்காண்டு சிறை.

வங்காளத்துக் கதை வேறு. 1914 ஆகஸ்ட் 26 அன்று கல்கத்தாவின் துப்பாக்கி வியாபாரிகளான ரோடா கம்பெனிக்குத் துறைமுகத்திலிருந்து போய்க்கொண்டிருந்த சரக்கில் 50 மௌசர் பிஸ்டல்களும் 46,000 தோட்டாக்களும் காணாமல் போயின. மௌசர் பிரௌனிங்கைப் போலப் பையில் அடங்காது. கிலோவுக்கு மேல் எடை, பத்துத் தோட்டா, மர உறையையே பின்கட்டையாகப் பொருத்தித் தோளில் வைத்துச் சுடலாம். ஒளிந்து ஒருவரைச் சுட பிரௌனிங், குழுவாக நின்று போலீஸோடு மோத மௌசர் என்று ஒரு பாகுபாட்டைப் பின்னாளில் வரலாறு எழுதுபவர் செய்துகொள்ளலாம். ஆனால் அவற்றை எடுத்த புரட்சியாளர்கள் தேர்ந்தெடுத்து எடுக்கவில்லை; வண்டியில் மௌசர் இருந்தது, அவ்வளவுதான். 1915இல் பாலசோரில் வங்கப் புரட்சியாளர் பாகா ஜதினின் குழு போலீஸோடு மோதியதும் மௌசர்களை வைத்துத்தான்.

ஆயுதச் சட்டத்தில் வெள்ளையருக்கு இருந்த விலக்கு 1920களில் எடுக்கப்பட்டது. சுதந்திர இந்தியா 1959இல் புதுச் சட்டம் இயற்றியபோதும் அனுமதி தரும் அதிகாரம் பெரும்பாலும் கலெக்டரிடமே தங்கியது. மலையில் வேட்டைத் துப்பாக்கிக்கு 1972ஆம் ஆண்டு வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. 2013இல் பழனி மலையின் பெரும்பகுதி கொடைக்கானல் வன உயிர்ச் சரணாலயமானது. இன்று காட்டுமாடு ஏரிக்கரை வரை வந்து நின்றாலும் வனத்துறைக்குத்தான் தகவல் சொல்ல வேண்டும்.

பிஸ்டல் விஷயத்தில் பிரௌனிங்கின் நிழல் இன்னும் நீள்கிறது. 9 மில்லிமீட்டர் அளவு ராணுவத்துக்கும் போலீஸுக்கும் என்று ஒதுக்கப்பட்டிருப்பதால், தனியார் வைத்துக்கொள்ளக்கூடிய பிஸ்டல் பெரும்பாலும் .32. அதாவது 1900 மாடலுக்காகப் பிரௌனிங் உண்டாக்கிய அதே 7.65 மில்லிமீட்டர் தோட்டா. 1980களில் தனியார் இறக்குமதி நின்றுபோனதால் பழைய வெளிநாட்டு .32 பிஸ்டல்களுக்கு மவுசு ஏறி விலை எகிறியது. அவற்றுக்கு மாற்று, அரசு ஆலையில் செய்யும் அஷானி. 1985இல் திண்டுக்கல் மாவட்டம் பிரிந்த பிறகு கொடைக்கானல்வாசி லைசென்ஸுக்கு மதுரைக்குப் பதில் திண்டுக்கல்லுக்கு மனுப் போடுகிறார். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். தேர்தல் அறிவிப்பு வந்தால் அவற்றையும் பொதுவாகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும்.