கூத்துக் களரியும் கையடக்கப் பொறியும்

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கிச் செல்லும் கரையோர நெடுஞ்சாலையில் விடத்தல்தீவு என்னும் ஊர் உளது. விடத்தல் என்னும் முள்மரத்தின் பெயரைச் சுமந்த அவ்வூர், பெயரளவில் தீவாயினும் பெருநிலத்தோடு சேர்ந்ததேயாகும். கண்டற்காடும் சேற்றுநிலமும் ஆழமற்ற கடலும் சூழ்ந்த அப்பகுதி 2016ஆம் ஆண்டில் இயற்கை ஒதுக்கிடமாக அறிவிக்கப்பட்டது. மன்னார்க் கரையில் கடற்றொழிலை நம்பி வாழும் கத்தோலிக்க ஊர்கள் நெடுங்காலமாகப் போற்றி வந்த கலை நாட்டுக்கூத்தாகும். இன்றோ உலகெங்கும் இளையோரும் முதியோரும் உள்ளங்கையளவான பொறியில், பழைய பாணியில் அமைந்த பாத்திரமேற்கும் ஆட்டங்களை விரும்பி ஆடுகின்றனர். இவ்விரண்டுக்கும் தொடர்பு யாது என வினவுவாரும் உளர். ஒருவர் இன்னொருவராகி, நெடுவழி நடந்து, இடர் வென்று மீள்வதே இரண்டினதும் உயிர்நிலை.

கூத்தில் அரசனாக வருபவன் பகலில் வலை இழுப்பவனாயிருப்பான். அண்ணாவியாரிடம் பல மாதம் பழகிய பின்னரே அவன் களரி ஏறுவான். திரைச்சீலையில் தீட்டிய அரண்மனை அங்கு வேண்டுவதில்லை. வரவுப் பாட்டு ஒன்றே அவனை மன்னனாக்கிவிடும். எஞ்சியதைக் காண்போர் தம் மனத்தால் நிரப்பிக்கொள்வர். பல இரவுக்கு நீளும் நாடகத்தைச் சுருக்கி ஓரிரவில் ஆடத்தக்கதாக்கிய வாசாப்பு என்னும் வடிவமும் மன்னாரில் எழுந்தது. குறைந்த பொருளைக் கொண்டு பெருங்கதை சொல்லும் திறமே அக்கலையின் வலிமை எனலாம்.

இனிப் பொறியின் வரலாற்றைக் காண்போம். 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவரும் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் ஆட்டத்தை வெளியிட்டனர். தாளும் பென்சிலும் தாயக்கட்டை போன்ற பகடையுமே அதன் கருவிகள். அக்கருத்தைக் கணினிகள் ஏற்றுக்கொண்டன. 1986ஆம் ஆண்டு மே மாதத்தில் யப்பானிலே யூஜி ஹோரியி வகுத்த 'டிராகன் குவெஸ்ட்' வெளிவந்தது. முழு ஆட்டமும் 64 கிலோபைட் அளவினுள் அடங்கவேண்டியிருந்தது. யப்பானிய மொழியின் ஒரு வரிவடிவத்துக்குரிய எழுத்துக்கள் யாவற்றுக்கும் இடம் போதாமையால், சில எழுத்துக்களை மட்டுமே தெரிந்து, அவற்றைக் கொண்டே பெயர்களை அமைத்தனர். கைவேகம் குன்றியவரும் பொறுமையோடு முயன்றால் நாயகன் வலிமை பெறுவான், வழி திறக்கும். இதுவே அதன் கவர்ச்சி.

1989ஆம் ஆண்டு ஏப்ரலில் நின்டெண்டோ நிறுவனத்தின் 'கேம் போய்' வந்தது. அதனை ஆக்கிய குழுவுக்குத் தலைவர் கும்பேய் யோக்கோய். புதுமை நீங்கி மலிவாகிவிட்ட நுட்பத்தைப் புதிய வழியிற் பயன்படுத்துவதே அவர் கொள்கை. நிறமற்ற சிறு திரை, நான்கே சாயைகள், நான்கு சிறு பற்றறிகள். மறு ஆண்டில் வந்த 'கேம் கியர்' நிறத்திரை உடையது. எனினும் ஆறு பற்றறிகளை ஒருசில மணி நேரத்தில் விழுங்கிவிட்டது. கேம் போயோ 15 மணி நேரமளவு உழைத்தது. எளிமை வென்றது. 1996இல் சத்தோஷி தஜிரியின் 'பொக்கிமொன்' அப்பொறியில் வந்தபோது, பூச்சி பிடித்துத் திரிந்த அவரது பிள்ளைப்பருவ மகிழ்ச்சி பல நாட்டுப் பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று.

ஆயினும் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் அது உரியதாகவில்லை. கேம் போய் உலகைச் சுற்றிவந்த அதே ஆண்டுகளில், வட இலங்கையின் போர்ப் பகுதிகளுக்குப் பற்றறி கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டிருந்தது. 1990ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடை 2002ஆம் ஆண்டிலேயே தளர்ந்தது. மக்கள் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்திச் சக்கரத்தைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னால் வானொலிச் செய்தி கேட்டனர். பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கொளியிற் படித்தனர். 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னார்க் கரையின் முஸ்லிம் குடும்பங்களும் ஊர் நீங்கின. 2008ஆம் ஆண்டு யூலையில் விடத்தல்தீவு இராணுவத்தின் வசமாயிற்று. அத்தலைமுறைக்கு நான்கு பற்றறி என்பது விளையாட்டுப் பொருளன்று.

பழைய பாணி ஆட்டங்களை இன்று விரும்புவோர் தம் இளமையையே தேடுகின்றனர் என்று கூறுவர். அது பாதி உண்மை. 2015இல் வந்த 'அண்டர்டேல்', 2018இல் வந்த 'ஒக்டோபாத் டிராவலர்' முதலியன புதியனவாயினும் பழைய புள்ளிச் சித்திரத்தையே மேற்கொண்டன. அக்காலப் பொறியைத் தொட்டறியாதவரும் அவற்றை ஆடுகின்றனர். தமக்கு இல்லாத இளமையை ஒருவர் எங்ஙனம் நினைந்து ஏங்குவார்? எனவே, கவர்ச்சி நினைவில் மட்டும் இல்லை. சதுரப் புள்ளிகள் சிலவற்றை வீரனாகக் காணும் மனத்தின் உழைப்பிலும் அஃது உளது. வரவுப் பாட்டுக் கேட்டு மன்னனைக் கண்டதும் அதே மனமன்றோ!

இவற்றுக்குப் பொதுவான துயரமும் ஒன்றுண்டு. முதல் டிராகன் குவெஸ்டில், ஆடியவர் தம் பயணத்தைக் காக்க நீண்ட எழுத்துத் தொடரொன்றைத் தாளில் எழுதிவைத்தல் வேண்டும். ஓர் எழுத்துப் பிழைத்தாலும் நடந்த வழி முழுதும் பாழாகும். பின்னர் வந்த பேழைகள் பலவற்றிற் சிறு பற்றறியே நினைவைக் காத்தது. அது தேய்ந்தபோது நினைவும் மறைந்தது. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுக்கு முன் வெளியான ஆட்டங்களுள் 87 சதவீதம் இன்று விலைக்குக் கிடைப்பதில்லை என 2023ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று.

கூத்தின் ஏடுகளும் கையெழுத்துக் கொப்பிகளும் இதே ஆபத்தில் இருந்தன. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன், மன்னாரின் எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய நாடகங்களைப் பதிப்பித்தார். பின்னாளிற் போர் வந்து, வீடும் பெட்டகமும் விட்டு மக்கள் இடம்பெயர்ந்தபோது, அச்சேறியவை பிற ஊர்களிலும் நூலகங்களிலும் எஞ்சின. அச்சேறாதவற்றைக் காத்தற்கு அண்ணாவிமாரின் நினைவன்றி வேறு துணை இல்லாதிருந்தது.

அச்சு சொற்களைக் காக்கும். ஆட்டத்தைக் காப்பது ஆடுவோரே. பழைய பாணி ஆட்டத்தைப் புதிதாக இயற்றுவோர் இதனை அறிந்துள்ளனர். மன்னார்க் கரையிலும் ஓர் இளைஞன் கைப்பேசியில் வீரனாகி நடக்கின்ற அதே இரவில், களரியில் அரசனாகவும் நிற்றல் கூடும். அவனுக்கு வரவுப் பாட்டைச் சொல்லிக் கொடுக்க ஒருவர் இருத்தல் வேண்டும், அவ்வளவே.