மறைக்கல்விப் பாடவேளைக்கு வெளியே: வடசென்னையும் செவ்வியல் கிறித்தவக் கல்வியும்

கிறித்தவ நிர்வாகத்தின் கீழ் நடக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளில் நெடுநாள் வழக்கம் ஒன்று உண்டு. குறிப்பிட்ட பாடவேளைக்கு மணி அடித்ததும் கிறித்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு ஒரு வகுப்பறைக்குப் போவார்கள். மற்றவர்கள் நீதிபோதனைக்கு இன்னொரு வகுப்பறைக்கு. அடுத்த மணி அடித்ததும் எல்லோரும் ஒன்றாகக் கணக்குக்கோ வேதியியலுக்கோ உட்கார்ந்துவிடுவார்கள். சமயம் அந்த முக்கால் மணி நேரத்துக்குள் நின்றுவிடும். சட்டப்படி இது சரியான வழிதான். அரசு அங்கீகாரமோ நிதியுதவியோ பெறும் பள்ளியில் யாரையும் அவர் இசைவின்றி, சிறுவர் என்றால் பாதுகாவலர் இசைவின்றி, சமயபோதனைக்கு உட்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவு சொல்கிறது.

‘செவ்வியல் கிறித்தவக் கல்வி’ என்று இன்று மேலைநாடுகளில் பேசப்படும் கொள்கை இந்தப் பிரிவினையைத்தான் மறுக்கிறது. கணக்கு, வரலாறு, இலக்கியம், அறிவியல் எதுவும் சமயத்துக்கு வெளியே நிற்பதில்லை. எல்லாப் பாடங்களும் ஒரே உண்மையின் முகங்கள் என்பது அதன் அடிப்படை. ஆங்கில எழுத்தாளர் டாரதி சேயர்ஸ் 1947-இல் ஆக்ஸ்போர்டில் ஆற்றிய ஓர் உரை இதற்கு வித்து. இடைக்கால ஐரோப்பாவின் இலக்கணம், தருக்கம், சொல்வன்மை என்ற மூன்று படிகளைக் குழந்தையின் வளர்ச்சியோடு அவர் பொருத்தினார்: முதலில் கிளிப்பிள்ளைப் பருவம், பிறகு எதிர்த்துக் கேட்கும் பருவம், அதன்பின் கவிதைப் பருவம். 1981-இல் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மாஸ்கோ என்னும் சிற்றூரில் தொடங்கிய லோகோஸ் பள்ளி இதை நடைமுறையாக்கியது. லத்தீன் அங்கே முக்கியப் பாடம்.

இந்தக் கொள்கை நமக்குப் புதிதல்ல. சென்னை இதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே முழு மூச்சாகச் சோதித்துப் பார்த்துவிட்டது. அந்தச் சோதனை எங்கே விளைந்தது, எங்கே பொய்த்தது என்று பார்த்தால், ‘கிறித்தவ’ என்ற அடையைவிட ‘செவ்வியல்’ என்ற அடையே வெற்றி தோல்வியை முடிவு செய்திருக்கிறது. யாருடைய செவ்வியல் என்பதே கேள்வி.

ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சன் 1837-இல் கறுப்பர் நகரத்தில் ஜெனரல் அசெம்பிளி பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது இதுதான். கல்கத்தாவில் அலெக்சாண்டர் டஃப் 1830-இல் வகுத்த வழியை அவர் பின்பற்றினார்: ஆங்கிலத்தின் வழியே யூக்ளிட், புவியியல், வரலாறு, இவை அனைத்துக்கும் நடுவில் விவிலியம். மேலைக் கல்வி உள்ளே புகுந்தால் பழைய நம்பிக்கைகள் தாமே சரியும், அந்த இடத்தில் சுவிசேஷம் வந்து அமரும் என்பது கணக்கு. வந்தவர்களில் பெரும்பாலோர் பிராமண, வேளாள, செட்டி வீட்டுப் பிள்ளைகள். 1838-இல் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த இரண்டு சிறுவர்கள் சேர்க்கப்பட்டபோது மேல்சாதிப் பெற்றோர் கொதித்தார்கள், பிள்ளைகளை நிறுத்தினார்கள். ஆண்டர்சன் அந்தச் சிறுவர்களை வெளியேற்ற மறுத்தார். அவருடைய மற்ற முடிவுகளை எப்படி எடை போட்டாலும் இந்த ஒன்றில் அவர் அசையாமல் நின்றது பெருமைக்குரியது. 1841-இல் மாணவர் மூவர் ஞானஸ்நானம் பெற்றதும் பள்ளி மறுபடியும் வெறிச்சோடியது. மறு ஆண்டே பச்சையப்பர் அறக்கட்டளையின் பள்ளி, சமயக் கலப்பில்லாத ஆங்கிலக் கல்வி என்ற உறுதியோடு அதே வட்டாரத்தில் திறக்கப்பட்டது. ஆங்கிலமும் யூக்ளிடும் எல்லோருக்கும் வேண்டியிருந்தன. நடுவில் இருந்த விவிலியத்தை எடுத்துவிட்டாலும் அவை நின்றன என்பதைப் பச்சையப்பர் பள்ளி காட்டியது. 1846-இல் ஆளுநர் ட்வீடேல் பிரபு அரசுப் பள்ளியிலேயே விவிலியத்தை வகுப்புப் புத்தகமாக்க முன்மொழிந்தார். கம்பெனி இயக்குநர்கள் ஏற்கவில்லை.

ஆண்டர்சன் தொடங்கிய பள்ளிக்கு 1862-இல் வந்த வில்லியம் மில்லர் இதை நன்றாகப் புரிந்துகொண்டவர். மதமாற்றத்தை உடனடி இலக்காக வைக்காமல், பாடங்களின் வழியே ஒழுக்க நோக்கை மெல்லப் பரவவிடுவதே கல்லூரியின் வேலை என்றார். ஷேக்ஸ்பியரின் லியர் நாடகத்தை இந்திய அரசியலோடு பொருத்தி ஒரு நூலே எழுதினார். இலக்கியப் பாடத்தை அறநோக்கோடு கற்பித்ததற்கு நல்ல சான்று அது. ஆனால் நாடகம் ஷேக்ஸ்பியருடையதாகவே இருந்தது. கடலோரத்தில் உட்கார்ந்து அரசனின் கடமையைப் பேச முனைந்தவருக்குச் சிலப்பதிகாரம் ஏன் கைக்கு எட்டவில்லை என்று கேட்கலாம். கேள்வி முழுக்க நியாயமில்லை, உ. வே. சாமிநாதையரின் சிலப்பதிகாரப் பதிப்பு 1892-இல்தான் வந்தது.

இதே காலத்தில், அந்தக் கல்லூரி இருந்த எஸ்பிளனேடிலிருந்து சிறிது வடக்கே, ராயபுரத்தில், நிலைமை வேறு. சென்னைக்கு அப்போது துறைமுகம் கிடையாது. கட்டுமானம் 1875-இல்தான் தொடங்கியது. 1881 புயல் கட்டியதையும் சிதைத்தது. அதுவரை கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மசூலாப் படகுக்காரர்கள்தாம் அலைவாயைத் தாண்டிச் சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தார்கள். ராயபுரம் புனித பேதுரு ஆலயம் அந்தப் படகுச் சமூகத்தாரின் உழைப்பிலும் பணத்திலும் எழுந்தது. இவர்கள் தலைமுறைகளாகக் கத்தோலிக்கர்கள். இவர்களுடைய பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் கிடைத்த கிறித்தவக் கல்வி ஞானோபதேசம்: கேள்வி ஒன்று, விடை ஒன்று, வரிமாறாமல் மனப்பாடம். ஆக, யூக்ளிடும் தருக்கமும் சேர்ந்த முழுமையான கிறித்தவப் பாடத்திட்டம் கிறித்தவராக மாற விரும்பாத வீடுகளின் பிள்ளைகளுக்குப் போயிற்று. கிறித்தவராகவே பிறந்த படகுக்காரரின் மகனுக்கு முதற்படியோடு பாடம் முடிந்தது. இந்தத் தலைகீழ்ப் பங்கீட்டை மிஷன் வரலாறுகள் அதிகம் பேசுவதில்லை. வடசென்னையில் இக்கல்வியைப் பற்றிப் பேச வருபவர் முதலில் கணக்குத் தீர்க்க வேண்டியது இங்கேதான்.

மனப்பாடத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. திண்ணைப் பள்ளியின் அரிச்சுவடி, எண்சுவடி, நிகண்டு எல்லாம் நாவால் ஏறியவைதாம். மணலில் விரலால் எழுதிப் பழகுவதும், மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவனுக்குச் சொல்லிக்கொடுப்பதும் அந்தப் பள்ளியின் வழக்கம். எழும்பூர் ஆண்கள் அநாதை இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் இவற்றைக் கண்டு கையாண்டு, 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் ஆங்கிலத் திருச்சபையின் பள்ளிகளெங்கும் பரவியது. கிறித்தவக் கல்வி மேற்கிலிருந்து மட்டும் வந்தது என்று நம்புகிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

சோதனை உண்மையில் விளைந்த இடம் கடலுக்கு அப்பால், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை. அமெரிக்க மிஷன் 1823-இல் அங்கே தொடங்கிய செமினரியில் யூக்ளிடும் வானியலும் ஆங்கிலமும் உண்டு. கூடவே நன்னூலும் திருக்குறளும் பாடமாக இருந்தன. அதன் முதல்வர் டேனியல் பூவர் வானியலைச் சுவிசேஷத்தின் துணைப்படையாகவே நடத்தினார். 1829 மார்ச்சில் வந்த சந்திர கிரகணத்துக்கு உள்ளூர்ப் பஞ்சாங்கக் கணிப்பையும் தம் கணிப்பையும் ஊரறிய ஒப்பிட்டு, தம் கணிப்பே பலித்ததாகக் காட்டினார். பாடம் என்ற அளவில் அது அருமையான செய்முறை: முன்கூட்டியே சொல், காத்திரு, அளந்து பார். சமய வாதம் என்ற அளவில் நிற்காது. கிரகணம் தொடங்கும் நேரத்தைச் சரியாகக் கணித்ததால் கணிதம் நிரூபணமாகலாம், திரித்துவம் நிரூபணமாகாது. ‘எல்லாப் பாடமும் கிறிஸ்துவைக் காட்டும்’ என்ற கொள்கை அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது.

ஆனால் செமினரியின் விளைச்சலைப் பாருங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் என்று 1857-இல் பெயர் பெற்ற சி. வை. தாமோதரம் பிள்ளையும் விசுவநாத பிள்ளையும் அங்கே படித்தவர்கள். தாமோதரம் பிள்ளை தொல்காப்பியச் சேனாவரையத்தையும், வீரசோழியத்தையும், 1887-இல் கலித்தொகையையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். யூக்ளிடும் நன்னூலும் ஒரே கூரையின் கீழ் கற்ற மூளைக்குப் பாடபேதம் நோக்குவதும் சான்று நிறுத்துவதும் இயல்பாக வந்ததில் வியப்பில்லை. அவர் பின்னாளில் சைவராகவே வாழ்ந்தார். மிஷன் அதைத் தோல்வியாக எண்ணியிருக்கலாம். கல்வி வரலாறு அப்படி எண்ண வேண்டியதில்லை. இன்னொரு வேடிக்கையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் பேர்சிவல் பாதிரியாரின் பள்ளியில் படித்து, விவிலிய மொழிபெயர்ப்பிலும் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1848-இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளி தொடங்கிப் பாலபாடங்கள் எழுதினார். சமயமும் மொழியும் உலகியலும் ஒரே நூலில் படிப்படியாக ஏறும் அந்தப் பாலபாடங்கள், செவ்வியல் கிறித்தவக் கல்வியின் வடிவத்தைச் சைவத்துக்கு ஆக்கிக்கொண்டவை. மிஷன் பள்ளியின் முறையை மிகச் சரியாகப் பிடித்துக்கொண்டவர் அதன் மிகக் கடுமையான எதிரிதான்.

ஆண்டர்சனுக்கும் பூவருக்கும் நூறாண்டு முன்பே வழி காட்டியவர் வீரமாமுனிவர். இயேசு சபையின் 1599-ஆம் ஆண்டுக் கல்வித்திட்டம் இலக்கணம், இலக்கியம், சொல்வன்மை என்று மாணவனை ஏற்றிச் செல்லும். அந்த அச்சில் வார்க்கப்பட்டவர் அவர். தமிழ்நாட்டுக்கு வந்தபின் லத்தீனை இங்கே நடவில்லை. சதுரகராதியும் தொன்னூல் விளக்கமும் செய்தார். குறளின் முதலிரு பால்களை லத்தீனுக்குக் கொண்டுபோனார். தொன்னூலின் பொருட்பகுதியை அகம் புறம் என்ற மரபு வழியில் விரிக்காமல், எடுத்த பொருளை உரைக்கும் முறையின் பக்கம் திருப்பினார். இலக்கணிகள் இதைக் குறையாகச் சொல்வதுண்டு. எனக்கு அது ஐரோப்பியச் சொல்வன்மைக் கலை தமிழ் ஐந்திலக்கணத்துக்குள் இடம் தேடிய முயற்சியாகப் படுகிறது. எகிப்தியரின் பொன்னை இசுரவேலர் எடுத்துச் சென்றதுபோல் பிறர் கல்வியிலுள்ள நல்லதைக் கிறித்தவர் எடுத்தாளலாம் என்றார் புனித அகுஸ்தீன். அவருக்குப் பிளேட்டோ, வீரமாமுனிவருக்கு வள்ளுவர். ஐடஹோவின் லத்தீனை எண்ணூருக்கு இறக்குமதி செய்ய நினைப்பவர் அகுஸ்தீனையும் வீரமாமுனிவரையும் ஒருங்கே தவறவிடுகிறார்.

இலக்கணத்தை இறைவனை அடையும் வழியாகக் கொண்ட கல்வியும் இந்தக் கடற்கரைக்குப் புதிதில்லை. திருவொற்றியூர்க் கோயிலில் பாணினிக்குச் சிவன் சூத்திரங்களை அருளினான் என்ற ஐதிகம் உண்டு. அங்கே வியாகரணதான மண்டபம் இருந்ததையும் ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் அறக்கட்டளை விடப்பட்டதையும் பிற்காலச் சோழர் கல்வெட்டுகள் பேசுகின்றன. கற்பித்தது வடமொழி இலக்கணம். பக்கத்துக் குப்பத்துப் பிள்ளைக்கு அதில் இடம் இருந்திருக்கும் என்று எண்ண ஆதாரமில்லை. செவ்வியல் கல்வி எந்தச் சமயத்தின் பெயரில் வந்தாலும் வாசலில் யாரையோ நிறுத்திவிடுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு இதுவும் ஒரு சான்று.

அப்படியானால் இன்று இதை எப்படிச் செய்வது? ஒரு பாடத்தை எடுத்துக்கொள்வோம். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பத்தை ஒட்டி ஓர் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறியும் கண் எரிந்தும் மக்கள் நள்ளிரவில் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அதே மாதத் தொடக்கத்தில்தான் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் படிந்திருந்தது. அந்தக் குப்பத்துப் பிள்ளை பள்ளியில் படிப்பது: அம்மோனியா நிறமற்ற வாயு, காரநெடி உடையது, ஹேபர் முறையில் தயாரிக்கப்படுகிறது. இரண்டு மதிப்பெண். முதற்படி முடிந்தது, பாடமும் முடிந்தது.

இரண்டாம் படியில் அவன் கேட்பான்: காற்றைவிட இலேசான வாயு ஏன் தரையோடு தவழ்ந்து வந்தது? குளிர்ந்து திரவமாக வரும் அம்மோனியா ஆவியாகி ஈரக்காற்றோடு கலந்தால் என்ன ஆகும்? அன்று வீசியது வாடையா, கொண்டலா? கடைசிக் கேள்விக்குப் பாடநூலில் விடை இல்லை. அவன் அப்பாவிடம் இருக்கிறது. மூன்றாம் படியில் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு எழுதுவான். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் எழுந்து மூன்று நிமிடம் தடுமாறாமல் பேசுவான். சொல்வன்மை என்ற பழைய கலைக்கு வடசென்னையில் இதைவிடப் பொருத்தமான களம் கிடையாது. காட்டுப்பள்ளி, எண்ணூர் வட்டாரத்துக் கூட்டங்களில் ஆங்கில அறிக்கையின் முன்னால் மீனவர் தரப்பு திணறும்போதெல்லாம் நம் பள்ளிகள் எந்தப் படியோடு நின்றுவிட்டன என்பது தெரிகிறது.

இதில் கிறித்தவம் எங்கே என்று அக்கொள்கையினர் கேட்பார்கள். நோக்கத்தைக் கழற்றிவிட்டு முறையை மட்டும் எடுப்பது கூடு மட்டும் எடுப்பதாகும் என்பார்கள். ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்தில் மனிதன் தோட்டத்துக்குக் காவலனாக வைக்கப்படுகிறான். போப் பிரான்சிஸின் 2015 சுற்றுமடல் அதையே சூழலியலாக விரித்தது. கிறித்தவ ஆசிரியர் அம்மோனியாப் பாடத்தை நடத்தும்போது இந்த நோக்கம் அவருடைய கேள்விகளின் தேர்விலேயே வெளிப்படும். வசனத்தைக் கரும்பலகையில் எழுத வேண்டியதில்லை. முஸ்லிம் மாணவரோ இந்து மாணவரோ அந்த வகுப்பில் தம் நம்பிக்கையை வாசலில் கழற்றிவைக்க வேண்டியதும் இல்லை. 28(3)-ஆம் பிரிவும் மீறப்படவில்லை. இது மில்லர் கண்ட வழிதான், ஷேக்ஸ்பியருக்குப் பதில் முகத்துவாரம்.

சென்னை-மயிலை உயர்மறைமாவட்டமும் தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயமும் இந்த வட்டாரத்தில் தங்கள் பள்ளிகளுக்குப் புதிய பாடத்திட்டம் எதையும் வாங்கத் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பின் நீதிபோதனை, மறைக்கல்விப் பாடவேளைகளில் வாரத்துக்கு ஒன்றை இணைத்து, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து, குறளின் ஓர் அதிகாரத்தையும் தங்கள் ஊரின் ஒரு வழக்கையும் எதிரெதிரே வைத்து வாதிடச் சொல்லட்டும். ஓராண்டு நடத்திப் பார்த்து, அந்தப் பிள்ளைகள் எழுதிய மனுக்களை ஆய்வாளர்கள் படிக்கக் கொடுக்கட்டும்.