ஸ்பென்சர் பிளாசா: பல்பொருள் அங்காடியில் இருந்து வணிக வளாகமாக மாறிய 160 ஆண்டுப் பயணம்

சென்னை: சென்னை அண்ணா சாலையில் அமைந்துள்ள ஸ்பென்சர் பிளாசா, நாட்டின் மிகப் பழைமையான வணிக வளாகங்களுள் ஒன்றாகும். டெல்லியின் அன்சல் பிளாசா, மும்பையின் கிராஸ்ரோட்ஸ் ஆகியவை 1999-ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டன. அவற்றுக்கு எட்டு ஆண்டுகள் முன்னரே, 1991-இல், குளிரூட்டப்பட்ட ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான கடைகள் என்ற வழக்கத்தைச் சென்னைவாசிகளுக்கு இக்கட்டடம் அறிமுகப்படுத்தியது. ஒரு தலைமுறைக் காலம் நகரின் அடையாளமாக விளங்கிய இவ்வளாகம், 2010-க்குப் பின்னர் பெரிய நிறுவனங்களின் கடைகளை ஒன்றன்பின் ஒன்றாக இழந்தது. இதற்குப் புதிய வளாகங்களின் போட்டி மட்டுமே காரணம் அன்று.

மவுண்ட் ரோடு காலம்

சார்லஸ் டுரன்ட், ஜே.டபிள்யூ. ஸ்பென்சர் ஆகிய இரு ஆங்கிலேயர்கள் 1863-64-ஆம் ஆண்டில் அன்றைய மவுண்ட் ரோட்டில் தொடங்கிய கடையே இதன் மூலம். பின்னர் நிறுவனத்தின் உரிமை யூஜின் ஓக்‌ஷாட் வசம் வந்தது. கட்டடக் கலைஞர் டபிள்யூ.என். போக்சன் இந்தோ-சாரசெனிக் பாணியில் வடிவமைத்த பெரிய கட்டடத்துக்கு 1890-களில் கடை இடம் மாறியது. எண்பதுக்கும் மேற்பட்ட பிரிவுகளுடன் இயங்கிய அந்த அங்காடி, ஆசியாவின் பெரிய கடைகளுள் ஒன்றாகப் பேசப்பட்டது.

விற்பனையுடன் நிறுவனம் நின்றுவிடவில்லை. திண்டுக்கல்லில் தயாரான ஸ்பென்சர் சுருட்டு கடல் கடந்தும் பெயர் பெற்றது. சோடா, குளிர்பானம் தயாரிப்பு, ரயில் நிலைய உணவகங்கள், தங்கும் விடுதிகள் எனத் தொழில் விரிந்தது. வளாகத்தை ஒட்டியுள்ள கன்னிமாரா ஓட்டலும் ஓக்‌ஷாட் காலத்தில் ஸ்பென்சர் குழுமத்தின் கைக்கு வந்ததேயாகும். இங்கு ஒன்றைக் குறிப்பிட வேண்டும். அக்கடையின் வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்களும் வசதி படைத்த இந்தியர்களுமே. எளிய மக்கள் பொருள் வாங்கிய இடங்கள் மூர் மார்க்கெட்டும் கடைத்தெருக்களுமாக இருந்தன.

தீயில் அழிந்த கட்டடம்

1983-ஆம் ஆண்டு ஏற்பட்ட தீ விபத்தில் ஸ்பென்சர் கட்டடம் அழிந்தது. அந்தப் பத்தாண்டு நகரின் பழைய வணிகக் கட்டடங்களுக்குச் சோதனைக் காலமாக அமைந்தது. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி 1900 முதல் இயங்கிய மூர் மார்க்கெட்டும் 1985-இல் தீக்கிரையானது. மூர் மார்க்கெட் இருந்த இடம் ரயில்வேக்குச் சென்றது, வியாபாரிகள் அருகில் வேறிடத்துக்கு மாற்றப்பட்டனர். ஸ்பென்சர் இருந்த இடமோ, கடையின் பெயரைத் தாங்கியபடியே புதிய வணிக வளாகமாக எழுந்தது.

மங்கள் தீர்த் எஸ்டேட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து கட்டப்பட்ட முதல் பகுதி 1991-இல் திறக்கப்பட்டது. இரண்டாம், மூன்றாம் பகுதிகள் அடுத்தடுத்து இணைக்கப்பட்டதில், கட்டடத்தின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 10 லட்சம் சதுர அடியை எட்டியது. இதற்கிடையே, 1989-இல் ஸ்பென்சர் நிறுவனம் ஆர்.பி.ஜி. குழுமத்தின் வசமாகியிருந்தது.

முற்றிலும் மூடப்பட்ட, வெப்பநிலை கட்டுப்படுத்தப்பட்ட வணிக வளாகம் என்ற கருத்து அமெரிக்காவில் பிறந்தது. கட்டடக் கலைஞர் விக்டர் குருயன் வடிவமைத்த சவுத்டேல் சென்டர், மின்னசோட்டா மாநிலத்தில் 1956-இல் திறக்கப்பட்டது. அங்கு அதன் நோக்கம் கடுங்குளிரில் இருந்து காப்பது. சென்னையில் அதுவே வெயிலில் இருந்து தப்பும் இடமாயிற்று. பொருள் வாங்காதவர்களும் மே மாதப் பிற்பகலில் உள்ளே வந்து சுற்றிச் செல்ல முடிந்ததே ஸ்பென்சர் பிளாசாவின் முதல் வெற்றி எனலாம்.

மாறிய கடைகள்

பொருளாதாரத் தாராளமயமாக்கல் தொடங்கிய அதே ஆண்டில் வளாகம் திறக்கப்பட்டது தற்செயலே ஆயினும், அதன் பலனை இவ்வளாகம் முழுமையாகப் பெற்றது. வெளிநாட்டு, உள்நாட்டு ஆயத்த ஆடை நிறுவனங்கள் இங்கு கடை விரித்தன. டாடா குழுமத்தின் வெஸ்ட்சைடு ஆடையகம், லேண்ட்மார்க் புத்தகக் கடை, ஆர்.பி.ஜி. குழுமத்தின் மியூசிக் வேர்ல்டு இசைக் கடை ஆகியவை வளாகத்தின் முக்கிய ஈர்ப்புகளாயின. ஒலிநாடா, குறுந்தகடு வாங்குவதற்கென்றே இளைஞர்கள் வந்த காலம் அது. இணையப் பதிவிறக்கம் பெருகியதும் அத்தொழில் சரிந்தது. மியூசிக் வேர்ல்டு நிறுவனம் 2013-இல் நாடு முழுவதும் கடையை மூடியது. லேண்ட்மார்க், வெஸ்ட்சைடு ஆகியவையும் இவ்வளாகத்தை விட்டு வெளியேறின.

பெரிய நிறுவனங்களுக்கு இணையாக, சிறு வியாபாரிகளின் உலகமும் இங்கு உருவானது. கம்பளம், சால்வை, காகிதக்கூழ் கலைப்பொருள்கள் விற்கும் காஷ்மீர் வணிகர்கள், வெளிநாட்டுப் பயணிகளுக்கு உடை தைத்துத் தரும் தையலகங்கள், கைப்பேசி உதிரிப் பொருள் கடைகள் எனக் குறுகிய நடைபாதைகள் நிரம்பின. பேரம் பேசி வாங்கும் வழக்கம் குளிரூட்டப்பட்ட கூரையின் கீழும் தொடர்ந்தது.

உரிமையில் இருந்த சிக்கல்

2006-இல் மயிலாப்பூரில் சென்னை சிட்டி சென்டர், 2009-இல் அமைந்தகரையில் ஆம்பா ஸ்கைவாக், 2010-இல் ராயப்பேட்டையில் எக்ஸ்பிரஸ் அவென்யூ எனப் புதிய வளாகங்கள் எழுந்தன. 2013-இல் வேளச்சேரியில் பீனிக்ஸ், வடபழனியில் போரம் விஜயா ஆகியவையும் திறக்கப்பட்டன. இவற்றில் பல்திரை அரங்குகள் உண்டு. ஸ்பென்சர் பிளாசாவில் அது கிடையாது. அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கப் பணிக்காகப் பல ஆண்டுகள் நீடித்த போக்குவரத்து மாற்றங்களும் வாடிக்கையாளர் வருகையைக் குறைத்தன.

எனினும் அடிப்படை வேறுபாடு உரிமை முறையில் உள்ளது. புதிய வளாகங்களில் கட்டடம் முழுவதும் ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம், கடைகள் குத்தகைக்கு மட்டுமே விடப்படுகின்றன. விற்பனை குறைந்த கடையை மாற்றுவது, ஒரே வகைக் கடைகளை ஒரு தளத்தில் அமைப்பது, முகப்பைப் புதுப்பிப்பது ஆகிய முடிவுகளை நிர்வாகமே எடுக்க முடியும். ஸ்பென்சர் பிளாசாவிலோ ஏராளமான கடைகள் தனித்தனி உரிமையாளர்களுக்கு விற்கப்பட்டன. வீட்டுமனை வாங்குவது போலக் கடையை வாங்கியவர், அதை யாருக்கு வாடகைக்கு விடுவது என்பதைத் தானே தீர்மானிப்பார். பூட்டியே வைத்திருக்கவும் அவருக்கு உரிமை உண்டு. கடை அடைக்கப்பட்டாலும் பொது நடைபாதையின் விளக்கு, குளிரூட்டி, நகரும் படிக்கட்டு ஆகியவற்றின் செலவு குறைவதில்லை. அச்சுமை திறந்திருக்கும் கடைகளை அழுத்துகிறது. தொடக்கத்தில் கட்டுமானச் செலவை விரைவாக ஈட்ட உதவிய விற்பனை முறையே, பின்னாளில் புதுப்பித்தலுக்குத் தடையானது. அன்றைய சென்னையில் இது வழக்கமான முறையே என்பதால், கட்டியவர்களை மட்டும் குறை கூற இயலாது.

பக்கத்திலுள்ள கன்னிமாரா ஓட்டல் இதற்கு எதிர்மாறான எடுத்துக்காட்டு. ஒரே நிர்வாகத்தின் கீழ் உள்ள அவ்விடுதி, 2016-இல் மூடப்பட்டு, முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டு 2018-இல் மீண்டும் திறக்கப்பட்டது.

வளாகம் என்பதே வணிகத்தின் இறுதி வடிவம் எனக் கருதவும் தேவையில்லை. சென்னையில் இருந்து கப்பலில் ஏறத்தாழ 60 மணி நேரத் தொலைவில் உள்ள ஹேடோ துறைமுகத்தில் இறங்குவோருக்கு, போர்ட் பிளேர் என முன்னர் அழைக்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் முதன்மைக் கடைத்தெரு அபர்தீன் பஜார்தான். மணிக்கூண்டைச் சுற்றித் திறந்த வீதிகளில் அமைந்த கடைகள் அவை.

ஸ்பென்சர் பிளாசாவின் மேல் தளங்களில் அலுவலகங்கள் இயங்குகின்றன. அங்கு பணியாற்றுவோரே கீழ்த்தள உணவகங்களுக்கும் சிறு கடைகளுக்கும் நிலையான வாடிக்கையாளர்கள். 2019 பிப்ரவரியில் அண்ணா சாலை வழியாக மெட்ரோ ரயில் சேவை தொடங்கியதில் இருந்து, எல்.ஐ.சி. நிலையத்தில் இறங்கி நடந்தே இவ்வளாகத்தை அடையலாம்.