நஞ்சுமுறியும் மனைக்கோழியும்

காஞ்சிபுரம் பட்டு நெசவாலும் கோயில்களாலும் புகழ்பெற்ற நகரம். அதனைச் சூழ்ந்த பாலாற்றங்கரை ஊர்களோ நெல் விளைப்பன. அவ்வூர் மனைகளில் வளரும் கோழிகள் களத்திலும் வரப்பிலும் மேய்கின்றன. வயலுக்கு இட்ட குருணை மருந்தை அரிசிக் குருணையென மயங்கிப் பொறுக்கும் கோழி, வாயில் நீரொழுக, கால் தளர்ந்து, மூச்சுத் திணறி வீழ்கிறது. உடனே தும்பை, அவுரி, சிறியாநங்கை முதலியவற்றின் இலைகளை அரைத்துப் புகட்டுவோர் உளர். இது முன்னோர் கண்ட மருத்துவம் என்பது அவர்தம் நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு வரலாற்றுச் சான்று உண்டா என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மூலிகை மருத்துவம் இவ்வட்டாரத்திற்குப் புதியதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், பெருமாள் கோயிற் கல்வெட்டு ஒன்று, 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கைகளுடன் விளங்கிய ஆதுலர்சாலையைக் குறிக்கின்றது. மருத்துவனுக்கும், அறுவை செய்வோனுக்கும், மூலிகை கொணர்வோர்க்கும், பணிப்பெண்டிர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டது. சேமித்து வைத்தற்குரிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் ஏறின. ஆயின் அது மக்கட்குரிய சாலை. மாடுகளுக்கு வாகடங்கள் தோன்றின. கோழி மருத்துவமோ பெரும்பாலும் ஏட்டில் ஏறாது, மனைப்பெண்டிர் வாய்மொழியாகவே வழங்கி வந்தது.

இனி, பழைய மருத்துவம் நஞ்சு எனக் கொண்டவை யாவை என்பதைக் காண்பாம். பாம்பும் தேளும் கடித்தலால் ஏறும் நஞ்சு, எட்டியும் அலரியும் போன்ற மரஞ்செடிகளின் நஞ்சு, பாடாணங்கள், உணவில் மறைத்திடும் இடுமருந்து ஆகியனவே அவை. அவுரி முதலியன இவற்றுக்கு முறிவாகவே பேசப்பட்டன.

வயலில் இன்று இடப்படும் நஞ்சு இவற்றுள் அடங்காது. டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலைப் பால் முல்லர் கண்டது 1939இல். செருமானிய வேதியியலார் சிராடர் பாரத்தியானை ஆக்கியது 1944இல். 1958இல் கேரளத்தில் அந்நஞ்சு கலந்த கோதுமை மாவை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின்னரே 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் பிறந்தது. ஆகவே, வாகடம் எழுதியோர் இந்நஞ்சை அறிந்திருத்தல் இயலாது. தமிழ் வழக்கோ இதற்குப் 'பூச்சிமருந்து' எனப் பெயரிட்டது. நலஞ்செய்வதற்கும் கொல்வதற்கும் ஒரு சொல்லே வழங்குதல் 'இடுமருந்து' என்பதிலும் காணப்படும். எனினும், நஞ்சு என்னும் பொதுப்பெயர் கொண்டு பழைய முறிவு புதிய நஞ்சிற்கும் பொருந்தும் எனல் சொல்லால் விளைந்த மயக்கமே.

ஈண்டு ஒரு தடை எழலாம்: பூச்சிமருந்து நஞ்சிற்கு இன்றைய மருத்துவர் இடும் அட்ரோபினும் செடியிற் பிறந்ததன்றோ? உண்மையே. நம் ஊமத்தையிலும் அப்பொருள் உண்டு. பாரத்தியான் வகையும் கார்பமேட்டு வகையும் நரம்பின் செய்தியை அடக்கும் நொதியைத் தடுப்பன. அதனால் மிகும் விளைவை அட்ரோபின் தணிக்கிறது. ஆயின் அது பிரித்தெடுத்து அளந்து இடப்படுவது. ஊமத்தையிலோ அதன் அளவு செடிக்குச் செடி வேறுபடும். மிகின் அதுவே கொல்லும். டி.டி.டி. வகைக்கு அட்ரோபினும் முறிவாகாது. எனவே, இன்ன நஞ்சு என அறிதலே முதற்கடன். முறிவு அதன் பின்னரே.

இம்முடிபால் மூலிகையின் பெருமை குன்றாது. கடியும் காயமும் கழிச்சலும் பற்றிய வாய்மொழி அறிவு தொகுத்து ஆராயத்தக்கது. ஆனால் வாகடங்களைப் பதிப்பிக்கும் நாம், ஒவ்வொரு முறிவும் எந்நஞ்சிற்கு உரைக்கப்பட்டது என்பதை உடன் குறித்தல் வேண்டும். அஃதின்றேல், இலை அரைக்கும் பொழுதிற்குள் கோழி மடியும். பிழைத்ததன் முட்டையையோ மடிந்ததன் ஊனையோ மனையோர் உண்ணவும் கூடும். வீழ்ந்த கோழியோடு மருந்துப் பையையும் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரை நாடுதலே தக்கது. குருணையென்று மயங்கியது கோழி; முறிவென்று நாமும் மயங்குதல் ஆகாது.