புகைப்படமும் சாட்சியமும்: லூயிஸ் ஹைன் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஒரு நாட்டின் கைத்தொழில் வளர்ச்சியை ஆராய்வோர் உற்பத்திப் புள்ளிவிபரங்களையும் கம்பனிகளின் கணக்கேடுகளையும் சட்டப் பதிவுகளையும் சான்றுகளாகக் கொள்வது வழக்கம். எத்தனை தொன் நிலக்கரி அகழப்பட்டது, எத்தனை யார் துணி நெய்யப்பட்டது என்பவற்றை அவை கூறும். அந்நிலக்கரியைத் தெரிந்தெடுத்த கைகள் யாருடையவை, அந்நூலை நூற்றவர்களின் வயது யாது என்பவற்றை அவை பெரும்பாலும் கூறுவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் வரலாற்றில் இவ்விடைவெளியை நிரப்பியவர்களுள் முதன்மையானவர் லூயிஸ் ஹைன் (1874–1940). புகைப்படத்தைச் சமூக ஆய்வின் சான்றாக மாற்றியவர் என்ற வகையில் அவர் பெரிதும் போற்றப்படுகின்றார். எனினும், அவருடைய படங்களைக் கண்டு மக்கள் கலங்கினர், அதனாற் சட்டம் பிறந்தது என வழங்கும் எளிய கதை வரலாற்றோடு முற்றிலும் பொருந்துவதன்று. அவரது பணியின் பெறுமதி யாது, அதன் எல்லை யாது என்பவற்றை வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும்.

விஸ்கொன்சின் மாநிலத்தின் ஒஷ்கொஷ் நகரிற் பிறந்த ஹைன், தந்தை 1892 இல் இறந்தபின் தளபாடத் தொழிற்சாலையொன்றில் வேலைக்குச் சேர்ந்தார். நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரமாக வாரத்தில் ஆறு நாள்கள் உழைத்து அவர் பெற்ற கூலி நான்கு டொலர். பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகத்திற் பயின்ற அவர், 1901 இல் நியூயோர்க் நகரின் எதிக்கல் கல்ச்சர் பாடசாலையில் ஆசிரியரானார். கமரா அவர் கைக்கு வந்தது கற்பித்தற் சாதனமாகவே. எலிஸ் தீவில் வந்திறங்கிய குடியேற்றவாசிகளை 1904 இலிருந்து அவர் படம்பிடித்தார். அன்று பலரால் இழிவாகக் கருதப்பட்ட அம்மக்களை மதிப்புக்குரிய மனிதராக மாணவர் காணவேண்டும் என்பதே அவரது நோக்கமாயிருந்தது. பிற்காலத்திற் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞரான போல் ஸ்ராண்ட் அப்பாடசாலையில் அவரிடம் பயின்றவர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஹைனின் பணி அமைந்த சூழலை விளங்கிக்கொள்ள ஒரு புள்ளிவிபரம் போதுமானது. 1900 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி, பத்து முதற் பதினைந்து வயது வரையான சிறுவருள் ஏறத்தாழ 17½ இலட்சம் பேர் ஊதியத் தொழிலில் ஈடுபட்டிருந்தனர். அவ்வயதுச் சிறுவருள் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கினர் அவர்கள். தென் மாநிலங்களின் பஞ்சாலைகளிலும், பென்சில்வேனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களிலும், கண்ணாடித் தொழிற்சாலைகளிலும், கரையோரங்களின் சிப்பி பதனிடும் நிலையங்களிலும், நியூயோர்க்கின் நெருக்கமான குடியிருப்புகளிலும் அவர்களின் உழைப்பு மலிவாகப் பெறப்பட்டது. இந்நிலையை எதிர்த்து 1904 இல் தேசிய சிறுவர் உழைப்புக் குழு என்னும் அமைப்புத் தோன்றியது. ஆசிரியத் தொழிலைக் கைவிட்ட ஹைன், 1908 இல் அவ்வமைப்பின் முழுநேரப் புகைப்படப்பிடிப்பாளரானார்.

ஆலை உரிமையாளர் அவரை வரவேற்கவில்லை என்பது எதிர்பார்க்கத்தக்கதே. தீத்தடுப்புப் பரிசோதகர், தபாலட்டை வியாபாரி, வேதாகம விற்பனையாளர், இயந்திரங்களைப் படம்பிடிப்பவர் எனப் பல வேடங்களில் அவர் உள்ளே நுழைந்தார். கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்தும் பாரமான கமராவுடனும், ஒளிக்காக எரிக்கும் மக்னீசியத் தூளுடனுமே அவர் இயங்கவேண்டியிருந்தது. சிறுவரின் உயரத்தைத் தமது மேலங்கிப் பொத்தான்களோடு ஒப்பிட்டு மனத்திற் பதித்துக்கொண்டு, சட்டைப்பையினுள் இருந்த குறிப்புப் புத்தகத்தில் மறைவாக எழுதிக்கொள்வது அவர் வழக்கம். உள்ளே செல்ல இயலாதபோது ஆலை வாயிலில் காத்திருந்து, வேலை முடிந்து வெளிவரும் சிறுவரைப் படம்பிடித்தார்.

ஹைனின் தனித்துவம் இக்குறிப்புகளிலேயே தங்கியுள்ளது எனலாம். வட கரோலைனாவின் பஞ்சாலையொன்றில் 1908 இல் எடுக்கப்பெற்ற படம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். நூற்பு இயந்திரத்தின் முன் ஒரு சிறுமி நிற்கின்றாள். உயரம் 51 அங்குலம். ஆலையில் ஓராண்டு அனுபவம். நாட்கூலி 48 சதம். சில வேளைகளில் இரவு வேலையும் உண்டு. அங்குள்ள ஐம்பது தொழிலாளருட் பத்துப்பேர் அவளளவான சிறுவர் என்று குறிப்புக் கூறுகின்றது. வயதைக் கேட்டபோது முதலில் நினைவில்லை என்ற அவள், வேலை செய்யும் வயது தனக்கு இன்னும் ஆகவில்லை, ஆயினும் செய்கின்றேன் எனப் பின்னர் இரகசியமாகக் கூறியதையும் ஹைன் பதிந்துள்ளார். படத்தை மட்டும் காண்பவர் மனத்தில் இரக்கம் பிறக்கும். குறிப்போடு சேர்த்து நோக்குபவருக்கோ அங்கு ஒரு வழக்கின் சாட்சியம் கிடைக்கின்றது. முன்னதை உணர்ச்சி நாடகம் எனத் தள்ளிவிட முதலாளிகளால் இயலும். இடமும் நாளும் அளவும் கூலியும் எழுதப்பட்ட ஆவணத்தை மறுப்பது எளிதன்று.

புகைப்படத்தின் நம்பகத்தன்மை பற்றி ஹைனுக்கு மயக்கம் இருக்கவில்லை. 1909 இல் நிகழ்த்திய உரையொன்றில், புகைப்படம் பொய் சொல்லாதிருக்கலாம், பொய்யர்கள் புகைப்படம் எடுக்கக்கூடும் என்ற கருத்தை அவர் வெளியிட்டார். ஆதலின் தமது தரவுகள் ஐயத்துக்கு இடமற்றவையாக இருத்தல் வேண்டும் என்பதில் அவர் மிகுந்த கவனம் செலுத்தினார். பென்சில்வேனியாவின் பிற்ஸ்ரன் பகுதியில் 1911 இல் எடுக்கப்பெற்ற படங்களில், நிலக்கரியிலிருந்து கற்களைப் பிரித்தெடுக்கும் சிறுவர்கள் தூசு மண்டிய கூடத்தில் வரிசையாகக் குனிந்திருக்கின்றனர். இத்தகைய படங்கள் சஞ்சிகைகளிலும் துண்டுப்பிரசுரங்களிலும் கண்காட்சித் தட்டிகளிலும் இடம்பெற்று நாடெங்கும் பரவின.

இனி, சட்டத்தின் கதையை நோக்குவோமாயின் மேற்கூறிய எளிய விளக்கம் எவ்வளவு குறையுடையது என்பது புலனாகும். சிறுவர் உழைப்பாலான பண்டங்கள் மாநிலங்களுக்கிடையே விற்கப்படுவதைத் தடைசெய்யும் கீற்றிங்-ஓவன் சட்டம் 1916 இல் நிறைவேறியது. வட கரோலைனாவின் ஆலைத் தொழிலாளி ஒருவர், தம் புதல்வர் இருவரின் உழைக்கும் உரிமை பறிக்கப்படுகின்றது எனக் கூறித் தொடுத்த வழக்கில், 1918 இல் நாட்டின் உயர் நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையால் அச்சட்டத்தைச் செல்லாததாக்கியது. வறுமைப்பட்ட தந்தையின் பெயரால் நடந்த அவ்வழக்கின் பின்னணியில் ஆலை உரிமையாளரின் ஆதரவு இருந்தது. 1919 இல் வரிவிதிப்பு மூலம் செய்யப்பட்ட மறுமுயற்சியும் 1922 இல் நீதிமன்றத்தால் முறியடிக்கப்பட்டது. 1924 இல் காங்கிரஸ் அங்கீகரித்த அரசியலமைப்புத் திருத்தம் போதிய மாநிலங்களின் சம்மதத்தைப் பெறவில்லை. இறுதியில் 1938 ஆம் ஆண்டின் நியாய உழைப்பு நியமச் சட்டமே நிலைத்து நின்றது. அச்சட்டத்தை உயர் நீதிமன்றம் உறுதிப்படுத்தியது 1941 பெப்ருவரியில். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 1940 நவம்பரில், ஹைன் காலமாகிவிட்டார்.

முதற் படங்களுக்கும் நிலைத்த சட்டத்துக்கும் இடையே முப்பது ஆண்டுகள் கழிந்தமைக்குக் காரணம் சான்றின்மை அன்று. சான்றுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மலிவான உழைப்பிலிருந்து பெற்ற இலாபமும், மாநில உரிமை என்ற அரசியற் கோட்பாடும், பிள்ளைகளின் கூலியின்றி வாழ இயலாத குடும்பங்களின் வறுமையுமே தடைகளாய் நின்றன. கட்டாயக் கல்வியின் பரவலும், சிறுவரின் தேவையைக் குறைத்த புதிய இயந்திரங்களும், தொழிற்சங்கங்களின் வளர்ச்சியும், 1929 இன் பின் வந்த பெருமந்தத்தில் வேலையற்ற வளர்ந்தோரின் நெருக்கடியும் சேர்ந்தே அத்தடைகளைத் தளர்த்தின. அச்சட்டமும் முழுமையானதன்று. விவசாயத் தொழிலாளர் அதன் பாதுகாப்பிற் பெரும்பாலும் உள்ளடக்கப்படவில்லை. ஆயினும் 1915 இல் கொலராடோவின் பீற்கிழங்கு வயல்களில் வேலை செய்த சிறுவரையும் ஹைன் படம்பிடித்திருந்தார். அவர் காட்டியவற்றுள் எதனைக் காண்பது, எதனைக் காணாது விடுவது என்பதைச் சமூகமே தீர்மானித்தது.

ஹைனின் பிற்கால வாழ்வும் இவ்வுண்மையையே வேறொரு வகையிற் காட்டுகின்றது. முதலாம் உலகப் போரின் இறுதியிற் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக ஐரோப்பா சென்று திரும்பிய அவர், உழைப்பின் இழிவை மட்டுமன்றி அதன் மாண்பையும் காட்ட விழைந்தார். 1930–31 இல் எம்பயர் ஸ்ரேற் கட்டிடம் எழுந்தபோது, வானளாவிய இரும்புச் சட்டங்களின் மீது நின்ற தொழிலாளரைத் தாமும் உடன் ஏறிப் படம்பிடித்தார். ஆயினும் பெருமந்தக் காலத்தில் கிராமப்புற வறுமையைப் பதிவு செய்த அரசாங்கத்தின் புகழ்பெற்ற புகைப்படப் பிரிவில் அவருக்கு இடமளிக்கப்படவில்லை. 1939 இல் பெரனிஸ் அபொற், எலிசபெத் மக்கோஸ்லன்ட் ஆகியோரின் முயற்சியால் நியூயோர்க்கில் அவரது படைப்புகளின் கண்காட்சி நடந்தபோதிலும், வருமானமும் வீடும் இழந்து வறுமையிலேயே அவர் இறந்தார்.

அவரது படங்களுக்கு நேர்ந்த கதியும் சிந்தனைக்குரியது. நியூயோர்க்கின் நவீன கலைக் காட்சியகம் ஏற்க மறுத்த அவரது தொகுதியை, ரொச்செஸ்ரரிலுள்ள ஈஸ்ற்மன் காட்சியகம் ஏற்றுக்கொண்டது. சிறுவர் உழைப்புக் குழுவுக்காக எடுத்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படங்கள் காங்கிரஸ் நூலகத்திற் பேணப்படுகின்றன. காலப்போக்கில் அவரது பிரதிகள் பெருவிலை பெற்றன. 1990களின் பிற்பகுதியில், அவரே அச்சிட்டவை என விற்கப்பட்ட பிரதிகள் சில அவரது மரணத்துக்குப் பின் உற்பத்தியான தாளில் அமைந்தவை என்பது தாளின் பரிசோதனையால் வெளியாகியது. பொய்யர்களைப் பற்றி 1909 இல் அவர் விடுத்த எச்சரிக்கை அவர் பெயராலேயே மெய்ப்பிக்கப்பட்டது எனலாம்.

ஆகவே, ஹைனை இரக்கத்தின் கலைஞராக மட்டும் நினைவுகூர்தல் அவருக்குச் செய்யும் குறைவான மரியாதையே. காண்பதை அளந்து, கேட்டதைப் பதிந்து, படத்தையும் சொல்லையும் இணைத்து, மறுக்க இயலாத ஆவணமாக்கிய ஒழுங்குமுறையே அவர் விட்டுச்சென்ற செல்வம். அவ்வாவணம் தானாகவே சட்டமாகவில்லை. இயக்கங்களும் பொருளாதார மாற்றங்களும் அதற்குத் துணைநிற்க வேண்டியிருந்தன. ஆனால் அவ்வியக்கங்கள் பேசுவதற்கு மறுக்கவொண்ணாத ஒரு மொழியை அது வழங்கியது. 2024 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 138 மில்லியன் சிறுவர் உழைப்பில் ஈடுபட்டிருந்தனர் என்றும், அவர்களுள் நூற்றுக்கு 61 பேர் விவசாயத்தில் இருந்தனர் என்றும் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் யுனிசெப் நிறுவனமும் மதிப்பிட்டுள்ளன. கொலராடோ வயல்களில் ஹைன் பதிந்த சாட்சியம் ஒரு நூற்றாண்டு கடந்தும் முடிவுறாத வழக்கொன்றுக்கு உரியதாகவே இருக்கின்றது.