துணியிலிருந்து அறுவை வரை: பீட் மாவட்டக் கரும்பு வெட்டும் பெண்களின் மாதவிடாய் நலவரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மாதவிடாய் நலத்தின் வரலாறு பெரும்பாலும் துணி, அணையாடை, கோப்பை என்னும் பொருள்களின் வளர்ச்சி வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. மகாராட்டிர மாநிலம் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களின் வாழ்வு இந்த அணுகுமுறையின் போதாமையைக் காட்டுகிறது. அங்கே மறுபயன்பாட்டுத் துணியில் தொடங்கும் சிக்கல் பலருக்குக் கருப்பை அகற்றும் அறுவையில் முடிந்திருக்கிறது. இவ்விரண்டையும் இணைக்கும் கண்ணி கூலிமுறையே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

கருச்சொற்கள்: மாதவிடாய் நலம், கரும்பு வெட்டுதல், முன்பணம், கருப்பை அகற்றுதல், மீட்சிக்காலம்.

முன்னுரை

2019ஆம் ஆண்டின் முதற்பாதியில் பீட் மாவட்டத்துப் பெண்களிடையே கருப்பை அகற்றும் அறுவை மிகுந்திருப்பது செய்தித்தாள்கள் வழியாக வெளியுலகுக்குத் தெரியவந்தது. அதனைத் தொடர்ந்து மாநில அரசு ஒரு குழுவை அமைத்தது. அதற்கென நடத்தப்பட்ட கணக்கெடுப்பில் 82,309 கரும்பு வெட்டும் பெண்களுள் 13,861 பேர் கருப்பையை இழந்திருந்தமை பதிவாயிற்று. இது ஏறத்தாழ 17 விழுக்காடு. நான்காம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2015-16) இந்திய அளவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே இவ்வறுவைக்கு உட்பட்டவர்கள். இரு கணக்குகளின் வயது வரம்பும் முறையும் வேறு என்றாலும், இடைவெளியின் அளவு காரணத்தைத் தேடத் தூண்டுகிறது.

கரும்பும் குடிப்பெயர்வும்

1950ஆம் ஆண்டில் அகமதுநகர் மாவட்டம் பிரவராவில் தொடங்கிய கூட்டுறவுச் சர்க்கரை ஆலை, மேற்கு மகாராட்டிரத்தின் பொருளியலை மாற்றியமைத்தது. பாசன வசதியுள்ள பகுதிகளில் ஆலைகள் பெருகியபோது, கரும்பை வெட்டும் ஆட்கள் மழைகுன்றிய மராத்வாடாவிலிருந்து வந்தனர். 1970களின் தொடக்கத்தில் நிலவிய கடும் பஞ்சத்துக்குப்பின் இக்குடிப்பெயர்வு மேலும் வலுப்பெற்றது. ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் புறப்படும் குடும்பங்கள் மார்ச், ஏப்ரலில் ஊர் திரும்புகின்றன.

இத்தொழிலின் அலகு தனியாள் அன்று. கணவனும் மனைவியும் சேர்ந்த இணை. அவ்விணைக்குக் ‘கோய்தா’ என்று பெயர். அச்சொல்லின் நேர்ப்பொருள் அரிவாள் என்பதாகும். ‘முகாதம்’ எனப்படும் ஒப்பந்தக்காரர் பருவத்தின் தொடக்கத்தில் இணைக்கு ‘உச்சல்’ என்னும் முன்பணம் தருகிறார். பின்னர் வெட்டிய கரும்பின் டன் கணக்கில் அக்கடன் கழிக்கப்படுகிறது. மனைவி உழைத்தாலும் முன்பணம் கணவன் கைக்கே பெரும்பாலும் சேர்கிறது. ஒருவர் ஒருநாள் நின்றால் இணையின் வேலை முழுவதும் தடைப்படும். அதற்காகத் தண்டம் பிடிக்கப்படுகிறது. நாளொன்றுக்கு 500 ரூபாய் வரை தண்டம் பிடிக்கப்பட்டதாகப் பெண்கள் கூறியுள்ளனர். மாதந்தோறும் ஓரிரு நாள் ஓய்வு தேவைப்படும் உடல், இக்கணக்கில் இழப்பாகவே பதிவாகிறது.

துணியும் வெயிலும்

வயலோரத்தில் நெகிழித்தாள் போர்த்திய குடிசைகளே இக்குடும்பங்களின் உறைவிடம். கழிப்பறையும் குளியலறையும் பெரும்பாலும் இல்லை. வைகறைக்கு முன்பே வெட்டு தொடங்கிவிடும். இச்சூழலில் பழந்துணியே மாதவிடாய்க்குரிய பொருளாக நீடித்து வந்துள்ளது.

துணி தன்னளவில் தீங்கானது அன்று. நன்கு அலசி, வெயிலில் உலர்த்தி, தூய்மையாக வைக்கப்படும் துணி பாதுகாப்பாகப் பயன்படக்கூடியதே. ஒடிசாவில் நிகழ்த்தப்பட்ட மருத்துவ ஆய்வுகள், மறுபயன்பாட்டுத் துணி பயன்படுத்துவோரிடம் பிறப்புறுப்புத் தொற்று கூடுதலாக இருப்பதைக் காட்டியதோடு, துணியை வீட்டுக்குள் மறைத்து உலர்த்தும் வழக்கத்தையும் அதனோடு தொடர்புபடுத்தின. எனவே குறை துணியில் மட்டும் இல்லை. தண்ணீரும் மறைவிடமும் வெளிப்படையாக உலர்த்தும் உரிமையும் இல்லாமையில் இருக்கிறது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) 15 முதல் 24 வயதுப் பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் துணியையும் பயன்படுத்துவதாகக் கூறியுள்ளனர். அவ்வாய்வு அணையாடை, கோப்பை முதலிய பொருள்களின் பயன்பாட்டைக் கொண்டே தூய்மையான முறையை வரையறுக்கிறது. உலர்த்த இடம் உண்டா என்பது அவ்வரையறைக்குள் வரவில்லை.

அறுவை ஒரு தீர்வாக மாறியமை

வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, மிகை உதிரப்போக்கு ஆகியன பல நேரங்களில் மருந்தால் தீரக்கூடியவை. ஆனால் நாள்தோறும் மருத்துவமனைக்குச் செல்லுதல் தண்ட நாளைப் பெருக்கும். தனியார் மருத்துவமனைகளில் புற்றுநோய் வரக்கூடும் என்ற அச்சம் ஊட்டப்பட்டதாகப் பெண்கள் பலர் சான்றளித்துள்ளனர். இளவயது மணத்தால் இருபத்தைந்து வயதுக்குள் குழந்தைப்பேற்றை முடித்துவிட்ட பெண்ணிடம், இனிக் கருப்பை எதற்கு என்ற வினா எளிதாக எடுபட்டது. இவ்வாறு மருத்துவ வணிகமும் கூலிக்கணக்கும் ஒரே முடிவை நோக்கித் தள்ளின.

மீட்சிக்காலத்திலேயே இத்தீர்வின் முரண் வெளிப்படுகிறது. வயிற்றைத் திறந்து செய்யப்படும் இவ்வறுவைக்குப்பின் ஆறு முதல் எட்டு வாரங்கள் பாரம் தூக்கலாகாது என்பது மருத்துவ நெறி. கரும்புக் கட்டுகளைத் தலையில் சுமந்து வண்டியில் ஏற்றுவதோ இப்பெண்களின் அன்றாடப் பணி. அறுவைக்கான பணமும் பெரும்பாலும் கடனே. அக்கடனை முகாதமிடமே பெற்றவர்கள் அடுத்த பருவத்துக்கும் கட்டுண்டனர். தண்டத்திலிருந்து தப்பச் செய்த அறுவை கடனைக் கூட்டியது. கடன் ஓய்வைக் குறைத்தது. சூலகமும் சேர்த்து அகற்றப்பட்டவர்க்கு மாதவிடாய் நிறைவு உடனே வந்துவிடுகிறது. எலும்பு நலிவும் இதயநோய்க்கான வாய்ப்பும் கூடுகின்றன. முப்பது வயதில் இந்நிலையை அடைபவரின் உழைக்கும் ஆற்றலே சுருங்குகிறது.

அரசும் நீதிமன்றமும்

2019ஆம் ஆண்டுக்குப்பின் பீட் மாவட்டத் தனியார் மருத்துவமனைகள் கருப்பையை அகற்றுவதற்கு மாவட்ட அரசு மருத்துவ அலுவலரின் இசைவைப் பெறவேண்டும் என்ற கட்டுப்பாடு வந்தது. தேவையற்ற கருப்பை அகற்றத்தைத் தடுக்கும் வழிகாட்டுதல்களை நடுவண் அரசு 2022இல் வெளியிட்டது. பீகார், சத்தீசுகர், இராசசுத்தான் ஆகிய மாநிலங்களின் நிகழ்வுகளை முன்வைத்து 2013இல் தொடரப்பட்ட பொதுநல வழக்கில், அவ்வழிகாட்டுதல்களை எல்லா மாநிலங்களும் மூன்று மாதங்களுக்குள் ஏற்கவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2023 ஏப்ரலில் ஆணையிட்டது.

இந்நடவடிக்கைகள் மருத்துவரின் கத்தியைக் கட்டுப்படுத்துகின்றன. இன்றியமையாத முதற்படி அது. எனினும் தண்டம், முன்பணம், இணைக்கூலி ஆகியவை மருத்துவ விதிகளின் எல்லைக்கு அப்பால் நிற்கின்றன. மறுபயன்பாட்டுக் கோப்பையை இதற்கு மாற்றாகப் பரிந்துரைப்போரும் உளர். 1937இல் லியோனா சால்மர்சு அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற இக்கோப்பை பாதுகாப்பானது என்பதை அண்மைய ஆய்வுத் தொகுப்புகள் உறுதிசெய்கின்றன. ஆயின் கைகழுவ நீரும், கோப்பையைக் கொதிக்கவைக்க அடுப்பும், மாற்றிக்கொள்ள மறைவிடமும் அதற்கும் வேண்டும். துணிக்குக் கிட்டாதவை கோப்பைக்கு மட்டும் தாமே கிட்டிவிடுவதில்லை.

முடிவுரை

பீட் மாவட்டத்தில் கருப்பை அகற்றம் நோயின் விளைவாக மட்டும் நிகழவில்லை. விடுப்பற்ற உழைப்புக்கு உடலைப் பொருத்தும் வழியாகவும் நிகழ்ந்தது. எனவே மாதவிடாய் நலத்தை அளவிடும் ஆய்வுகள் எப்பொருள் பயன்படுத்தப்படுகிறது என்ற வினாவோடு நின்றுவிடாமல், ஓய்வுநாளுக்குக் கூலி பிடிக்கப்படுகிறதா, துணி உலர்த்த இடம் உண்டா, அறுவைக்குப்பின் எத்தனை நாள் ஓய்வு கிடைத்தது என்பவற்றையும் கேட்டாக வேண்டும். குடிபெயர்ந்து, முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுப் பெண்கள் உழைக்கும் பிற தொழில்களுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும்.