குரல் காணாமல் போகும் மாயம்

வரதராஜன்பேட்டை. அரியலூர் மாவட்டத்தில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே ஒரு பேரூர். அலங்கார அன்னை மாதா கோயிலால் சுற்றுவட்டாரம் முழுக்கப் பிரசித்தம். இந்த மாதிரி ஊரில் மைக் செட் இல்லாமல் ஒரு திருவிழாவைக் கற்பனை செய்ய முடியுமா? ஒரு காலத்தில் இசைத்தட்டு சுற்றியது. அப்புறம் கேசட். அதற்கப்புறம் லேப்டாப் வந்து உட்கார்ந்தது. கூடவே ஒரு மாயமும் வந்தது.

லேப்டாப்பில் ஹெட்போன் செருகும் துளை இருக்கிறதல்லவா? அதில் ஒயரின் ஒரு முனை. மறுமுனை மிக்ஸரில். பாட்டைப் போட்டால் தபேலா கேட்கிறது, வயலின் கேட்கிறது. பாடுகிறவரை மட்டும் காணோம்! தமிழ்நாட்டில் எந்த ஊர் மைக் செட்காரரைக் கேட்டாலும், "ஆமா சார், ஒரு தடவை அப்படித்தான் ஆச்சு" என்பார்.

பேய், பிசாசு எதுவும் இல்லை. இது சரித்திரத்தின் வேலை. கொஞ்சம் பின்னால் போகலாம், வாருங்கள்.

டெலிபோன் வந்த காலத்தில் கம்பெனிகளுக்கு ஒரே கவலை. இந்த ஊரில் பேசினால் அந்த ஊருக்குப் போவதற்குள் குரல் எவ்வளவு தேய்கிறது? அளக்க வேண்டுமே! அமெரிக்காவின் பெல் டெலிபோன்காரர்கள் முதலில் மைல் கணக்கில் அளந்தார்கள். இத்தனை மைல் கேபிளில் தேய்கிற அளவு இத்தனை என்று. பிறகு புதிய அலகு ஒன்று போட்டார்கள். 1928-ல் அதற்குக் கிரகாம் பெல் ஞாபகமாகப் பெயர் வைத்தார்கள். அதுதான் டெசிபல்.

கம்பத்துக்குக் கம்பம் இழுத்த அந்த ஜோடிக் கம்பிகளின் மின்தடுப்பு ஏறக்குறைய 600 ஓம். அதில் 1 மில்லிவாட் சக்தியை அனுப்பினால் 0.775 வோல்ட் வரும். இதையே அடிப்படையாக வைத்துக்கொண்டார்கள். ஏன் ஜோடி? அங்கேதான் புத்திசாலித்தனம். ஒரு கம்பியில் குரல் நேராகப் போகும். இன்னொன்றில் அதே குரல் தலைகீழாகப் போகும். வழியில் கரண்ட் கம்பியின் 'உம்ம்ம்' இரைச்சல் ஒட்டிக்கொண்டால், இரண்டிலும் ஒரே மாதிரி ஒட்டும். கடைசியில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துவிட்டால் இரைச்சல் பூஜ்யம். குரல் மட்டும் மிச்சம்.

இப்போது லேப்டாப்புக்கு வாருங்கள். அதன் துளையிலும் இரண்டு கம்பிதான். ஆனால் ஒன்று இடது காதுக்கு, மற்றது வலது காதுக்கு. மிக்ஸருக்கு அது தெரியாது. பழைய டெலிபோன் பழக்கத்தில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. தபேலா ஒரு பக்கம் தூக்கலாக, வயலின் மறுபக்கம் தூக்கலாக இருப்பதால் அவை தப்பிக்கின்றன. பாடகரின் குரல் இரண்டு பக்கமும் சரிசமம். ஒன்றிலிருந்து ஒன்று போனால்? பூஜ்யம்!

சரி, டெலிபோன் பழக்கம் ரேடியோவுக்கு எப்படி வந்தது? அமெரிக்காவில் 1926-ல் என்.பி.சி.யும் 1927-ல் சி.பி.எஸ்.ஸும் ஆரம்பித்தபோது, ஊருக்கு ஊர் நிகழ்ச்சியைக் கொண்டுபோக டெலிபோன் கம்பிகளைத்தான் நம்பினார்கள். கம்பி யாருடையதோ, சட்டமும் அவர்களுடையது. ஆனாலும் ஆளுக்கொரு மீட்டர் வைத்துக்கொண்டு குழம்பினார்கள். கடைசியில் பெல் ஆய்வுக்கூடமும் இந்த இரண்டு நிறுவனங்களும் கூடி உட்கார்ந்து ஒரே மீட்டரை முடிவு செய்தன. ஊசி ஆடுமே, அந்த வி.யூ. மீட்டர். அமலுக்கு வந்தது 1939 மே மாதம்.

அந்த மீட்டரைக் கம்பியில் நேராக மாட்டினால் அதுவே ஒலியைக் கெடுத்தது. அதனால் குறுக்கே 3,600 ஓம் தடை ஒன்றைப் போட்டார்கள். அதனால் மீட்டர் 4 டெசிபல் குறைத்துக் காட்டியது. போகட்டும், பூஜ்யம் என்று காட்டினால் உண்மையில் 4 என்று வைத்துக்கொள்வோம் என்றார்கள். இன்றைக்கும் உலகம் முழுக்க ஒலிபரப்புக் கருவிகளில் 'பிளஸ் 4' என்று சொல்வது இந்தச் சமரசத்தைத்தான். வோல்ட் கணக்கில் 1.23.

அதே 1939 மே மாதம் 16-ம் தேதிதான் திருச்சி வானொலி நிலையம் பிறந்தது. தற்செயல்தான். ஆனால் பெரம்பலூர், அரியலூர் பக்கமெல்லாம் ரேடியோ என்றால் திருச்சி என்றே ஆனது. 1960-களில் தஞ்சாவூர்ப் பக்கம் ஆடுதுறை 27 என்ற நெல் ரகத்தை விவசாயிகளிடம் கொண்டு சேர்த்தது அந்த நிலையம். ஜனங்கள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ரேடியோ நெல்'. யோசித்துப் பாருங்கள். உரம் எத்தனை கிலோ என்று சொல்லும்போது குரல் தேய்ந்தோ கரகரத்தோ போயிருந்தால்? ஒலியின் அளவு என்பது இன்ஜினீயர்களின் சொந்தப் பிரச்னை அல்ல. அடுத்த போகத்தின் பிரச்னை.

ஸ்டூடியோ பரம்பரை இப்படி வளர, வீட்டுச் சாமான்களின் பரம்பரை தனியாக வளர்ந்தது. டேப் ரெக்கார்டர், ஆம்ப்ளிஃபையர் எல்லாம் மலிவாக இருக்க வேண்டாமா? அளவைக் குறைத்தார்கள். 'மைனஸ் 10' என்பார்கள். வெறும் 0.316 வோல்ட். ஸ்டூடியோ அளவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஜோடிக் கம்பிச் செலவும் மிச்சம்.

கம்ப்யூட்டர் இந்த வீட்டுப் பரம்பரையில் பிறந்த பிள்ளை. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி 1989-ல் சவுண்ட் பிளாஸ்டரை விற்றபோது அதைப் பெரும்பாலோர் வாங்கியது கேம்ஸ் விளையாட. ரேடியோ நிலையம் நடத்த அல்ல.

ஆனால் நம் ஊரில் நடந்ததே வேறு. வானலைகள் பொதுச் சொத்து என்று 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2002-ல் கல்லூரிகளுக்கு ரேடியோ நடத்த அனுமதி. 2004 பிப்ரவரி 1-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். ஆரம்பமானது. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலி அது. 2006-ல் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. கையில் காசு கம்மி. விலை உயர்ந்த கருவிக்கு எங்கே போவது? சாதாரண கம்ப்யூட்டர்தான் கைகொடுத்தது.

இரண்டு பரம்பரைக்கும் இங்கேதான் கல்யாணம். சண்டையும் இங்கேதான். கம்ப்யூட்டர் உச்சத்தில் கத்தினாலும் சாதாரணமாக 1 அல்லது 2 வோல்ட். ஸ்டூடியோ கருவிகளோ 10 வோல்ட்டுக்கு மேலும் அசராது. மிக்ஸரில் ஏற்றினால் கம்ப்யூட்டரின் இரைச்சலும் சேர்ந்து ஏறும். சாஃப்ட்வேரில் ஏற்றினால்? டிஜிட்டலில் பூஜ்யம் என்பதுதான் கூரை. அதற்கு மேலே இடமே இல்லை. முட்டினால் தலை சீவப்பட்டுக் கரகரவென்று கேட்கும்.

வைத்தியம் உண்டு. நடுவில் ஒரு சின்னப் பெட்டி. ஒற்றைக் கம்பியை ஜோடியாக்கும், நாலு மடங்கு தூக்கியும் கொடுக்கும். அமெரிக்காவின் ஹென்றி இன்ஜினியரிங் இதற்கு வைத்த பெயர் 'மேட்ச்பாக்ஸ்'. பொருத்தும் பெட்டி என்றும் கொள்ளலாம், தீப்பெட்டி என்றும் கொள்ளலாம்!

பெட்டியோடு ஒழுங்கும் வேண்டும். கம்ப்யூட்டரில் 1,000 ஹெர்ட்ஸ் 'கூ' ஒலியைக் கூரைக்கு 18 அல்லது 20 டெசிபல் கீழே ஓடவிட வேண்டும். ஐரோப்பியர் கணக்கு 18, அமெரிக்கர் கணக்கு 20. மிக்ஸர் ஊசி பூஜ்யத்தில் நிற்கும்படி திருகிவிட்டு, அப்புறம் யாரும் அந்தத் திருகைத் தொடக் கூடாது. மேலே விட்ட இடைவெளி வீண் அல்ல. சிரிப்புக்கும், கூப்பாட்டுக்கும், பறைக்கும் ஒதுக்கிய இடம்.

ஏதாவது சின்ன எஃப்.எம்.மில் ஒரு விவசாயியோ, சுய உதவிக் குழுப் பெண்ணோ பேசும்போது குரல் சன்னமாகக் கேட்டால், விஷயம் சுமார் என்று சட்டென்று ஸ்டேஷனை மாற்றிவிடாதீர்கள். அவர்கள் பேச்சில் குறை இருக்காது. 1939-ல் பெரியவர்கள் எழுதிய கணக்கில், நாலில் மூன்று பங்கு இன்னும் பாக்கி. அவ்வளவுதான்.